மூலையில் ஒரு இடிமுழக்கம்!

எங்கப்பா தவில் பைத்தியம். அரித்துவாரமங்கலம் பழனிவேல் வாசிக்கிறார் என்று தெரிந்தால், அந்தக் காலத்தில் தஞ்சாவூரிலிருந்து எத்தனை மைலானாலும் சைக்கிளை எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இரண்டு வருஷமாக டி.வி. பக்கமே வருவதில்லை. கேட்டால், "எல்லாம் மூக்கால முனகறானுங்கடா" என்பார்.

"வயசானா கீச்சுன்னு இருக்கற சத்தம்தான் முதல்ல போகும். கனமான சத்தம் ஓரளவு நிக்கும்" என்றார் காது டாக்டர். ஹியரிங் எய்டும் வாங்கிக் கொடுத்தேன். அப்பா அதை ரொம்பப் பத்திரமாக வைத்திருக்கிறார். பீரோவில்!

சரி, கனமான சத்தத்தையாவது கொடுப்போமே என்று, போனஸ் வந்ததும் சப்வூஃபர் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார். "5000 வாட்ஸ் சார், பி.எம்.பி.ஓ!" நமக்கு பி.காம். மூளையாச்சே, பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தேன். அது எடுக்கிற கரண்டே 90 வாட்ஸ்தான். 90 வாங்கிக்கொண்டு 5000 தருகிறேன் என்பது சீட்டுக் கம்பெனிக்காரன் பேசுகிற பேச்சு. பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தை அவரவர் இஷ்டத்துக்குப் போடுகிற கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் கைக்கு வருகிற சம்பளம். 100 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., 10 அங்குல வூஃபர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு அதுவே தாராளம்.

இணைப்பது சுலபம். ரிசீவரின் 'சப் அவுட்'டிலிருந்து வூஃபருக்கு ஒரே ஒரு ஒயர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் வூஃபருக்கு என்று ரிசீவரிலேயே பாகம் பிரித்துவிடலாம். அப்புறம் வூஃபரில் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்பி விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சொத்தை இரண்டு தடவை பிரித்த கதைதான். 'ங்...' என்று ஒரு ரீங்காரம் வந்தது. இரண்டு பிளக்கையும் ஒரே போர்டில் சொருகினேன், நின்றது.

டி.வி. பக்கத்தில் வைத்து ஒரு தவில் கச்சேரியைப் போட்டேன்.

"ஒண்ணும் கேக்கலையேடா" என்றார் அப்பா.

"ஏங்க, இங்க டபரா செட்டெல்லாம் ஆடுது!" சமையற்கட்டிலிருந்து மனைவி.

விஷயம் இதுதான். 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை சுமார் 28 அடி நீளம். பன்னிரண்டு அடி ஹாலில் அது எங்கே போகும்? சுவரில் முட்டித் திரும்பி, ஒரு இடத்தில் குவியும், இன்னொரு இடத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அழிகிற இடத்தில்தான் அப்பாவின் நாற்காலி. அதை நகர்த்த நாட்டில் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. அப்பாவை எழுப்பிவிட்டு, வூஃபரை அவர் நாற்காலியில் உட்கார வைத்தேன். பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தேன். எந்த இடத்தில் அடிநாதம் கும்மென்று தெளிவாகக் கேட்கிறதோ, அங்கேதான் வூஃபரை வைக்க வேண்டும்.

"என்னடா, காசு கீசு விழுந்துடுச்சா?"

"ஆமா மாமா. பத்தாயிரம் ரூபாயைத் தேடறாரு!"

கிடைத்துவிட்டது. அரிசி மூட்டை இருக்கிற மூலை! மூட்டை இடம் பெயர்ந்தது, வூஃபர் குடியேறியது. அப்பா மறுபடி நாற்காலிக்கு வந்தார். ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றி மாற்றிப் போட்டு, எதில் சத்தம் நிறைவாக இருந்ததோ அதில் விட்டேன்.

தனி ஆவர்த்தனம் ஓடியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் வலது கை தொடைமேல் தாளம் போட ஆரம்பித்தது.

"தொப்பி கேக்குதுடா. குச்சி விழறது காலுக்குத் தெரியுது."

நான் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. அப்பா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம். கையில் அந்தக் குட்டி டப்பாவோடு வந்தார்.

"வலந்தலையும் கேட்டா நல்லாயிருக்கும். இதுக்கு பேட்டரி எங்கடா போடணும்?"