மெல்லகா

அமீரகத்து அல் ஐனின் தொழிற்பேட்டையான சனாயாவில் பஜேரோவின் முன்பக்க ஷாஃப்டைக் கழற்றுவது அரை நாள் வேலைகூட இல்லை. சக்கரத்தை இறக்கி, ஹப்பின் மூடியைத் தட்டி எடுத்து, உள்ளே இருக்கும் லாக்கை விரித்து உருவி, பிரேக் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, நக்கிளைச் சாய்த்துவிட்டால் போதும். டிஃப்ரன்ஷியல் பக்கம் லிவரை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் ‘டக்’கென்று கையோடு வந்துவிடும். கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். மணல் உண்டு, வெயில் உண்டு, துரு மட்டும் கிடையாது. கூட வேலை பார்க்கிற பையன்கள் இதற்காகச் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கோ ஷாஃப்ட் அப்படிச் சொன்ன பேச்சு கேட்டு வந்து விழும்போதெல்லாம் கும்மிடிப்பூண்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு 2004-இல் நான் சேர்ந்த ஷெட், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஆள் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, பழைய பேருந்து இருக்கை ஒன்று. சிப்காட் உருக்காலைகளின் புகை ஒரு பக்கம். மதியத்துக்கு மேல் பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று இன்னொரு பக்கம். ராத்திரி துடைக்காமல் வைத்த ஸ்பேனரில் காலையில் செம்பழுப்பாய்ப் பொடி பூத்திருக்கும். ஷெட்டின் மேஸ்திரியை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிட்டோம். ஆந்திர எல்லை அத்தனை பக்கம். அவர் பேச்சில் பாதி எங்கள் ஊர்த் தமிழ், பாதி தெலுங்கு. இரும்பிடம் பேசும்போது மட்டும் முழுக்கத் தெலுங்கு.

எங்களிடம் பஜேரோ வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வண்டி எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் வந்தது. 2002-இல் பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். வந்தது. பாகங்கள் கடல் கடந்து வரும், இங்கே கோப்பார்கள். ஜனப்பஞ்சத்திரம் கூட்டுச்சாலையில் திரும்பி, பெரியபாளையம் வழியாகப் போனால் அதன் பிறந்த வீடு. உதிரிபாகம் தேடி நானே பலமுறை திருவள்ளூர் வரை பஸ்ஸில் போயிருக்கிறேன். தை அமாவாசையன்று ஒருமுறை வீரராகவர் கோயில் கூட்டத்தில் மாட்டி, மடியில் புது ஆயில் சீலை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு அது ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடும் வண்டி. டக்கார் பந்தயத்தை 12 முறை ஜெயித்த பெயர் அதற்கு. எங்களுக்கு அது பக்கத்து ஊரில் போல்ட் முடுக்கப்பட்ட வண்டி.

2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்தபோது பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போன வண்டிகளில் ஒரு பஜேரோவும் இருந்தது. ஓர் இறால் பண்ணைக்காரருடையது. பத்து நாள் உப்புச் சேற்றில் உழன்றுவிட்டு, ஒரு நல்ல தண்ணீர்க் குளியல்கூட இல்லாமல் நின்றிருக்கிறது. மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது இடது முன்சக்கரத்தை ஒடித்துத் திருப்பினால் ‘கடக் கடக்’ என்றது. ரப்பர் பூட் கிழிந்து, ஜாயிண்டுக்குள் கிரீஸுக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ கூழ்.

வலது ஷாஃப்ட் வம்பு செய்யவில்லை. அது உள்தண்டின் பட்டையோடு போல்ட் போட்டு இணைத்தது. நட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும். இடதுதான் பொல்லாதது. அது நேரே டிஃப்ரன்ஷியலுக்குள் சொருகி இருக்கும். நுனியில் ஒரு மெல்லிய கம்பி வளையம், சர்க்கிளிப், உள்ளே ஒரு பள்ளத்தில் விரிந்து உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கம்பிக்கு இருக்கிற பிடிவாதத்தைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். வெளிப்பக்கமோ இன்னும் மோசம். ஷாஃப்டின் பற்களும் ஹப் ஃபிளாஞ்சின் பற்களும் துருவால் ஒன்றையொன்று கடித்துக் கிடந்தன. அரித்த இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். இடமில்லாத இடத்தில் அது உப்பி, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

முதல் நாள் நைனா சுத்தியலைத் தொடவே விடவில்லை. டீசலும் எரிந்த ஆயிலும் கலந்து, அதில் நூல் வேஸ்ட்டை நனைத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோலச் சுற்றி வைத்தார். "ராத்திரி அது வேலை செய்யட்டும். நீ போய்த் தூங்கு" என்றார்.

இரண்டாம் நாள் பித்தளைத் தண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. அடி வாங்கி வாங்கித் தலை காளான்போல விரிந்திருக்கும். இரும்பை இரும்பால் அடித்தால் ஷாஃப்டின் முனை பிதுங்கி, பிறகு எந்தத் துளைக்குள்ளும் நுழையாது; பித்தளை தான் நசுங்கி, அடியை மட்டும் உள்ளே அனுப்பும். ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "கணீர்னு கேட்டா இன்னும் கட்டியா இருக்குதுன்னு அர்த்தம். சத்தம் மங்குச்சின்னா இளகுதுன்னு அர்த்தம்" என்றார். அன்று முழுக்கக் கணீர்தான்.

அவர் டீக்கு நகர்ந்த நேரத்தில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். உள்பக்கம் எப்படியாவது வந்துவிடும் என்று ஷாஃப்டையே இரண்டு கையாலும் பிடித்து, காலை முட்டுக் கொடுத்து இழுத்தேன். ஏதோ இளகியது. வந்துவிட்டது என்று கத்தினேன். வந்தது ஷாஃப்ட் அல்ல. உள் ஜாயிண்ட் தன் கிண்ணத்தைவிட்டுப் பிதுங்கி, குண்டுகள் பூட்டுக்குள் உதிர்ந்திருந்தன. பூட் வழியாகத் தொட்டுப் பார்த்தால் கோலிக்குண்டுபோல உருண்டன. நைனா திரும்பி வந்து, அதையே அவரும் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "இன்னாத்துக்குப்பா அவசரம்" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் ஃபிளாஞ்சின் வெளிப்புறத்தை மட்டும் கேஸ் தீயால் சுடவைத்தார். சீல் இருக்கும் பக்கம் ஈரச்சாக்கு. மூன்றாவது சூட்டில், பித்தளைத் தண்டின் கீழ் சத்தம் மங்கியது. எனக்கே கேட்டது. அந்தக் கணத்தில் அவர் என்னைப் பார்த்தார்; எனக்குக் கேட்டதா என்று பார்த்தார். ஃபிளாஞ்ச் செம்பொடி உதிர்த்துக்கொண்டு கழன்றது. பிறகு உள்பக்கம். எதிரெதிராக இரண்டு லிவர், ஒன்று என் கையில், ஒன்று இன்னொரு பையன் கையில். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கோணிக்கொண்டு சீல் கிழியும். நைனா வண்டிக்கடியில் படுத்து, கிண்ணத்தைக் கால் சுற்றுத் திருப்பித் திருப்பி, வளையம் எந்த நிலையில் மசிகிறது என்று தேடினார். "மெல்லகா… மெல்லகா… இப்ப!" ‘டொக்’. மூன்று பேர் மூச்சும் ஒன்றாக வெளியே வந்தது.

திரும்ப மாட்டுவதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தோம். புது பூட், புது கிரீஸ், புது சர்க்கிளிப். பழைய வளையத்தை அவர் ஒருநாளும் திரும்பப் போட்டதில்லை. வளையம் ஒரு பக்கம் தொங்கினால் துளைக்குள் நுழையாது. கொஞ்சம் கிரீஸ் அப்பி நட்டநடுவில் நிறுத்தவேண்டும். சீலின் உதட்டில் விரலால் ஆயில் தடவவேண்டும். பல்லோடு பல் பொருந்தும் வரை விரல் நுனியால் திருப்பி, பிறகு ஒரே மூச்சில் உள்ளங்கையால் ஒரு தள்ளு. ‘கிளிக்’. "சத்தம் கேட்டுச்சா?" என்பார். கேட்டேன் என்று சொன்னாலும் நம்பமாட்டார். கிண்ணத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். மாட்டிய ஷாஃப்டை, தலையில் கை வைப்பதுபோல ஒரு தட்டுத் தட்டுவார்.

வண்டியைக் கொடுக்கும்போது உரிமையாளரிடம் ஒன்று சொன்னார். நாலு சக்கர ஓட்டத்தை மாதம் ஒருமுறையாவது போட்டு மண்தரையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், உப்புத் தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று. எல்லோரிடமும் சொல்வார். கேட்டவர்கள் குறைவு. அதனால்தான் எங்களுக்கு வேலை இருந்தது என்பதும் உண்மை.

நான் 2011-இல் அல் ஐனுக்கு வந்தேன். அடுத்து வந்த பஜேரோ ஸ்போர்ட் 2012-இல் திருவள்ளூரில் கோக்கப்பட்டதை நைனாதான் போனில் சொன்னார். புது வண்டி, இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை என்றார், பலகாரம் பற்றிப் பேசுவதுபோல. இப்போது அந்தத் தொழிற்சாலையிலிருந்து சித்ரோயன் கார்கள் வருகின்றன. ஜப்பானில் 1982-இல் தொடங்கிய பஜேரோவின் உற்பத்தி 2021-இல் நின்றது. நைனா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

போன லீவில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். ரோடு அகலமாகிவிட்டது. வேப்பமரம் இல்லை. குழி இருந்த இடம் எது என்று அடி அளந்து பார்த்தும் பிடிபடவில்லை. பித்தளைத் தண்டு யாரிடம் போனது என்று விசாரித்தேன். எடைக்குப் போட்டிருப்பார்கள் என்றார்கள். எடைக்கு வந்தது எடைக்கே போயிருக்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. மாலைவரை அங்கேயே நின்றேன். காற்று திரும்பியது. உதட்டில் உப்பு கரித்தது.

போன மாதம் புஜைராவிலிருந்து ஒரு பழைய பஜேரோ வந்தது. படகைக் கடலில் இறக்கவும் ஏற்றவும் ஓடிய வண்டி. சக்கரத்தை இறக்கியதும் அந்தச் செம்பழுப்புப் பொடி என் கையில் உதிர்ந்தது. பெஷாவர் பையன் பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, டீசலும் எரிந்த ஆயிலும் கொண்டுவரச் சொன்னேன். வேஸ்ட்டை நனைத்துச் சுற்றினேன். நாளைக் காலையில்தான் என்று சொன்னதும் அவன் முழித்தான். "மெல்லகா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஷட்டரை இறக்கும்போது இன்னொரு தடவை சொன்னேன்.