பழைய சுவிச்சும் நானும்

அதிகாலை நாலரை மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு இடியப்பப் பெட்டிகளோடு போகிறவள் நான். அந்த நேரத்தில் நாட்டாமைமார் மூடை ஏற்றிய கைவண்டிகளை இழுத்துக்கொண்டு குறுக்கே வருவார்கள். வண்டியில் விளக்கு இருக்காது. என் மோட்டார் சைக்கிளின் வெளிச்சமும் ஹோர்னும்தான் இரண்டு பேருக்கும் காவல்.

என்னுடையது பழைய ஹொண்டா சி 90. கிளச் பிடி இல்லாததால் ஓட்டச் சுகம். கணவர் வாங்கியது. வன்னிக்குள் பெற்றோல் வராத 1990களில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல் விடுவார். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், அதை வவுனியாவில் என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அதனால் அது தப்பியது. 2009க்குப் பிறகு எனக்கு மிஞ்சியவை மகளும் அந்த வாகனமும்தான்.

2023 மழைக்காலத்தில் ஹோர்ன் ஒரு நாள் அடித்தது, மறுநாள் அடிக்கவில்லை. டிம் மாற்றும்போது ஹெட்லைற் ஒரு கணம் அணைந்து போகும். அப்படி இருண்ட ஒரு கணத்தில் ஒரு கைவண்டிக்காரர் மயிரிழையில் தப்பினார். அன்று எனக்குக் கைகால் நடுக்கம் நிற்கவில்லை.

ஒரு கராஜில் காட்டினேன். “வயரிங் முழுக்க மாத்தோணும், சுவிச் செட்டும் புதுசு வேணும்” என்றார்கள். கேட்ட தொகை என் ஒரு மாத உழைப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய சாமான்களுக்கும் விலை ஏறியிருந்தது. 2022 நெருக்கடி அதை இன்னும் ஏற்றிவிட்டது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்சாரச் சாமான் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் விலை விசாரிக்கப் போனேன். வெளியே வந்து சுவிச்சை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார்.

“இது இன்னும் மவுத்தாகல்ல தங்கச்சி. அழுக்குத்தான் அடைச்சிருக்கு. நீங்களே கழற்றலாம்” என்றார்.

அவர் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்ற வேண்டும். சுவிச்சுப் பெட்டியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற விடலாம். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாவிட்டால் தலை தேய்ந்து, பிறகு கழற்றவே முடியாது. கீழே வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

அன்றிரவு மகள் டோர்ச் பிடிக்க, நான் திறந்தேன். செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அப்படித்தான் வரும். அந்தப் படலம் மின்சாரத்தை மறிக்கும். ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்து, மகளின் பென்சில் அழிறப்பரால் தேய்த்தேன். தகடு பளிச்சென்றது. முரட்டுத்தாளால் தேய்த்தால் தகடு மெலிந்துவிடும் என்று நானா எச்சரித்திருந்தார். பிறகு ஈரம் பிடிக்காமல் இருக்க மிக மெல்லியதாகக் கிறீஸ் பூசினேன்.

ஹெட்லைற் சரியாகிவிட்டது. ஹோர்ன் மட்டும் அடிக்கவில்லை. ஹொண்டாவில் ஹோர்ன் பொத்தானுக்கு வரும் வயர் இளம்பச்சை. அதைத் தேடிப் போனேன். ஹாண்டில் திரும்பும் இடத்தில் அந்த வயரில் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. நுனியைக் கோணலாக மடித்து ஒட்டும் அவருடைய வழக்கம் அப்படியே இருந்தது.

நான் கையை எடுத்துவிட்டேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் போன பிறகு அவர் கைபட்ட எதையும் நான் பிரித்ததில்லை. ஆனால் விடிந்தால் நாலரைக்கு வீதியில் நிற்க வேண்டும். பிரித்தேன். உள்ளே கம்பி இழைகள் கறுத்து அறுந்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தன. பதினேழு வருடத்துக்கு மேல் அந்த ரேப் பிடித்திருக்கிறது.

கறுத்த பகுதியை வெட்டி, நல்ல கம்பியைத் திரித்துப் புது ரேப் சுற்றினேன். பற்றரியைப் பூட்டி அழுத்தினேன். ஹோர்ன் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா யன்னலைத் திறந்து ஏசினார். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். மறுநாள் நானா அந்த இணைப்புக்கு ஈயம் வைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. ஒரு பெட்டி இடியப்பம் கொடுத்தேன்.

சகோதரிகளே, பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தாலோ, வயர் கருகிய மணம் வந்தாலோ நீங்களாகத் தொடாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆனால் சுவிச் விட்டுவிட்டு வேலை செய்தால், முழுவதையும் மாற்றக் காசு கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். எனக்கு முடிந்தது என்றால் உங்களுக்கும் முடியும்.

அவர் சுற்றிய ரேப்பை எறிய மனம் வரவில்லை. திருப்புளி போட்டு வைக்கும் பால்மா ரின்னுக்குள் கிடக்கிறது.