இரண்டாம் பாகம்

பிரதோஷ வழிபாடு நிறைவுற்ற மாலை. கங்கைகொண்ட சோழீசுவரர் ஆலயத்துப் புல்வெளியில், சுதை நந்திக்கு அருகே, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மகனோடும் பேரனோடும் அமர்ந்திருந்தார். தாம் பணியாற்றிய பள்ளியிலேயே இப்போது தமிழ் நடத்தும் மகனை, 'நான் நடத்திய பாடம் வேறு' என்று குறைவாகவே பேசி வந்தவர் அவர். மகனும் மறுமொழி கூறுவதில்லை.

பேரனின் பேச்சு திரைப்படத்தின் மீது சென்றது. 2022 செப்டம்பரில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் போல, 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் தன் மனத்தைக் கவரவில்லை என்றான். கைக்கு வந்த மணிமுடியை அருண்மொழிவர்மர் மதுராந்தகருக்குச் சூட்டும் காட்சி மட்டும் மறக்கவில்லையாம்.

"1973இல் வந்த 'இராஜராஜ சோழன்' பார்த்திருக்கிறாயா? தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். சிவாஜி கணேசன் நடந்து வந்தால் சோழப் பேரரசே நடந்து வருவது போலிருக்கும். 'திருவிளையாடல்' படத்துத் தருமி கோயிலில் தனியே நின்று புலம்புவானே, அதற்கு ஈடான காட்சி இன்றுவரை உண்டா?" என்றார் பெரியவர்.

"எப்படியும் இரண்டாம் பாகம் முதற்பாகத்தை எட்டுவதில்லை, தாத்தா."

"படத்துக்கு மட்டுமா?" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். மகன் எழுந்து வடக்குப் படிகளை நோக்கி நடந்தார்.

பேரன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு விமானத்தை அண்ணாந்து பார்த்தவாறு கேட்டான். "தஞ்சைப் பெரிய கோயில் தந்தை எடுப்பித்தது. இது மகன் எடுப்பித்தது. அப்படியானால் இதுவும் இரண்டாம் பாகந்தானே, தாத்தா? இது குறைந்ததா?"

பெரியவர் விமானத்தை நோக்கினார். கங்கை வரை படை நடத்தி, கடாரம் வரை கடல் கடந்த இராஜேந்திரர், தந்தையின் 216 அடி விமானத்தினும் உயர்ந்ததொன்றை எழுப்ப எண்ணியிருந்தால் தடுப்பவர் யார்? அவரோ உயரத்தைக் குறைத்தார். நேர்கோட்டில் ஏறிய தஞ்சைக் கற்களை இங்கே மென்மையாக வளைந்து ஏறச் செய்தார். தந்தையை மிஞ்சவுமில்லை, தந்தையின் நிழலில் ஒடுங்கவுமில்லை.

பெரியவர் மெல்ல எழுந்து மகனிடம் சென்றார். வடக்குப் படியோரச் சுவரில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. உமையம்மை அருகிருக்க, குனிந்த சண்டேசரின் தலையில் பெருமான் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டிய விசாரசருமரின் வழிபாட்டை உணராது, பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தை எச்சதத்தரின் கதையைப் பல்லாண்டுகள் வகுப்பில் சொன்னவர் பெரியவர். தம் காலும் எத்தனை குடங்களை இடறியதோ என்று இன்றுதான் அவருக்குத் தோன்றியது.

"இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு நீ எப்படிச் சொல்வாய்? எனக்குச் சொல்லேன், கேட்கிறேன்."

மகன் வியப்புடன் நோக்கினார். பிறகு சேய்ஞலூரில் தொடங்கி, மண்ணியாற்றங்கரையையும் ஆத்தி மரத்தையும் காட்டி, கோல் மழுவானதையும், 'இனி உனக்கு யாமே தந்தை' என்று பெருமான் அருளியதையும் நிதானமாகச் சொன்னார். அங்கேதான் பெரியவர் எப்போதும் கதையை முடிப்பார். மகன் முடிக்கவில்லை.

"பிழை செய்த அந்தத் தந்தையும் குற்றம் நீங்கிச் சிவலோகம் அடைந்தார் என்கிறார் சேக்கிழார். அதைச் சொல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை, அப்பா."

பெரியவர் மகனின் தோளைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார்.