மிலானில் ஒரு பகல்

இத்தாலி தேசத்து மிலான் நகருக்கு ஒரே ஒரு பகல்தான் ஒதுக்க முடியும் என்றால், பிரயாணி முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டியது தங்கும் அறையை அன்று, பதினைந்து நிமிஷங்களை. ஸாண்டா மரியா டெல்லே கிராஸியே மடத்தில், துறவிகளின் போஜன சாலைச் சுவரில், லியனார்டோ டா வின்ஸி தீட்டிய ‘கடைசி இராப்போஜனம்’ என்ற சித்திரத்தைக் காண ஒரு குழுவினருக்கு அவ்வளவு நேரந்தான் அனுமதி. திங்கட்கிழமைகளில் வழக்கமாகக் கதவு திறப்பதில்லை. சீட்டை முன்கூட்டியே வாங்காதவர் பெரும்பாலும் வாசலோடு திரும்ப நேரும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? ஈரச் சாந்தின்மீது எழுதாமல் உலர்ந்த சுவரில் எழுதியபடியால், சுமார் 1498-இல் முடிந்த அந்தச் சித்திரம் சில காலத்திலேயே உதிரத் தொடங்கிற்று. 1943 ஆகஸ்டில் குண்டு வீழ்ந்து கூரையும் பக்கச் சுவரும் இடிந்தன. மணல் மூட்டைகள் காத்த சித்திரச் சுவரோ நிலைத்து நின்றது. பின்னர் அதைச் செப்பனிட 1978 முதல் 1999 வரை ஆயிற்று. பார்க்க வருவோரின் மூச்சு ஈரமும் உடைத் தூசியுமே இன்று அதற்குப் பகை.

அங்கிருந்து சுமார் இருபது நிமிஷ நடையில் 1386-இல் கட்டத் தொடங்கிய பெரிய மாதா கோவில் இருக்கிறது. அதன் பளிங்குக் கூரைமீதே ஏறி உலாவலாம்.

காலையில் சித்திரம், மாலையில் கூரை: அந்தப் பகலுக்கு இவை போதும். ஐந்நூறு ஆண்டுகள் பிழைத்திருக்கும் சித்திரத்தின் எதிரே அவசரமின்றி நிற்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.