புகை படாத கூரை

மட்டை பிளக்கும் சத்தம்தான் வழி காட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி மேற்கே திரும்பினால் குயிலாப்பாளையம். பேக்கரி, துணிக்கடை, வாடகை ஸ்கூட்டர் என்று நீளும் கடைத்தெருவைத் தாண்டிச் செம்மண் பாதையில் நடந்தேன். முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் நான்கு பெண்கள் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள். வைகாசி மாதம், மழைக்கு முன் கூரை மாற்றுகிற பருவம்.

நான் தேடிப் போனது ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தை. பிரான்சிலிருந்து வந்து, எட்டு ஆண்டுகளாக இங்கே கீற்றுக் கொட்டாயில் குடியிருக்கும் கணவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர்களின் அன்றாடத்தைக் கேட்டு எழுதுவதாகத்தான் திட்டம். அன்றைக்கு அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பேச்சும் கூரையிலேயே தொடங்கி, நான் அங்கே இருந்த இரண்டு நாளும் கூரையைச் சுற்றியே நடந்தது.

இந்தப் பக்கத்தில் கொட்டாய்க்கும் வெளிநாட்டாருக்கும் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட உறவு. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அப்போது இது மரமில்லாத, மழைநீர் அரித்த செம்மண் மேடு. மறு ஆண்டு பாரிஸிலிருந்து இளைஞர்கள் தரை வழியாகவே வண்டிகளில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காகக் குயிலாப்பாளையத்தை ஒட்டி எழுந்த ‘ஆஸ்பிரேஷன்’ குடியிருப்பில் இருந்தவை கீற்றுக் குடிசைகள். சவுக்குக் கழி, தென்னங்கீற்று, நார்க் கயிறு எல்லாம் இந்த மண்ணில் கிடைத்தவை, கட்டிய கைகளும் இந்த ஊர்க் கைகள். ஆரோவில்காரர்கள் எந்த மொழியில் பேசினாலும் கீற்றை ‘கீட்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆரோவில்லுக்காகக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் வரைந்த சுருள் வடிவ நகரப் படத்தை உலகமே பார்த்திருக்கிறது. அந்த நகரத்துக்கு முதல் கூரை மேய்ந்தவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த மட்டைகளின் புளித்த வாடை காற்றில் நின்றது. பழுத்து விழுந்த மட்டையைப் பொறுக்கி வந்து, தண்டின் நடுவே கத்தி போட்டு இரண்டாகப் பிளக்கிறார்கள். பிறகு இரண்டு மூன்று நாள் ஊறல். ஊறாத ஓலை முடையும்போதே முறிந்துவிடும், பூச்சியும் சீக்கிரம் வைக்கும். ஊறிய பாதி மட்டையைத் தரையில் போட்டுத் தண்டைக் காலால் மிதித்துக்கொண்டு, ஓலைகளை ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள். மூத்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். என்னோடு பேசியபடியே முடைந்தார், குனிந்து பார்க்கவே இல்லை. நானும் ஒன்று முடைந்து பார்த்தேன். தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். இடுக்குகளில் வானம் தெரிந்தது.

“இதுல வானம் தெரியக் கூடாது சார். தெரிஞ்சா மழை தெரியும்.”

பிரித்து வேறொன்று முடையச் சொன்னார். மூன்றாவது கீற்றைத்தான் கட்டில் சேர்த்துக்கொண்டார்.

மேலே ஏறுவது ஆண்களின் வேலை. கருங்கல் கால்களின் மேல் சவுக்குக் கழிகளை நிறுத்தியிருக்கிறார்கள்; மண்ணில் நட்டால் கரையான் விடாது. கைமரங்களின் மேல் மூங்கில் வரிச்சு. கீற்றைக் கூரையின் கீழ் விளிம்பான எறவாணத்தில் தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வரிசை வரிசையாக முகடு வரை கட்டிக்கொண்டு போக வேண்டும். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கீற்று பிடிக்கும், கூரைக்கு அவ்வளவு ஆயுள். சரிவு போதாமல் போனால் தண்ணீர் வழியாமல் தங்கி ஓலை மக்கிவிடும். மேலே இருந்த பெரியவர் முகட்டின் மேல் ஒரு காலும் வரிச்சின் மேல் ஒரு காலுமாக நின்றுகொண்டு, கீழே கொட்டாய்க்குள் நின்ற மகனிடம் கயிற்றை விட்டு விட்டு வாங்கினார். முடிச்சு போடும் ஒவ்வொரு முறையும் உடம்பின் பாரத்தைக் கயிற்றில் இறக்கி இறுக்கினார். இடுப்பில் கத்தி இருந்தது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

மதியம் சாப்பிட இறங்கியபோது, கூரை எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டேன். வந்த பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

“நாங்க கொட்டாயில இருந்தப்ப நாலு வருஷம். இவங்கூட்டுல ரெண்டு, மிஞ்சினா மூணு. எங்க கொட்டாயில உள்ள அடுப்பு எரிஞ்சிச்சு. புகை படப்பட ஓலை கறுத்து கெட்டியாவும், பூச்சி அண்டாது. இவங்க கேஸ் அடுப்பு வெச்சிருக்காங்க. கூரைக்குப் புகையே கெடைக்கல.”

ஒரே ஓலை, ஒரே கை, ஒரே முடிச்சு. கீழே நடக்கும் வாழ்க்கை மாறியதும் கூரையின் ஆயுள் மாறிவிட்டது. இதை நான் எந்தக் கட்டடப் புத்தகத்திலும் படித்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர், முதல் ஆண்டிலேயே பெரியவர் இதைச் சொன்னதாகவும், சில மாதம் வெளித் திண்ணையில் விறகு மூட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். பிள்ளைகளுக்கு இருமல் வந்ததும் விட்டுவிட்டார்களாம்.

அந்தக் குடும்பத்தின் சாகசங்கள் எல்லாமே இந்தக் கூரையில்தான் நடந்திருக்கின்றன. வந்த முதல் ஐப்பசியில் நள்ளிரவு ஒழுகல். ஐந்து பாத்திரம் வைத்தும் போதாமல் நால்வரும் ஒரே கட்டிலில், கொசுவலைக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இன்னொரு நாள் மத்தியானம் எலியைத் துரத்தி வந்த சாரைப்பாம்பு வரிச்சிலிருந்து ஊஞ்சலாடியிருக்கிறது. அம்மா கத்த, மகள் ஓடிப்போய்க் கீற்று முடையும் அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறாள். “சாரைதாம்மா, ஒண்ணும் பண்ணாது. எலி தீந்தா அதுவா போயிடும்” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அன்று முதல் அவர் இந்தப் பிள்ளைகளுக்கு ஆயா. பத்து வயது மகள் பேசும் தமிழ் விழுப்புரத்துத் தமிழ். பள்ளியில் படித்ததை விட இந்தத் தொட்டிக்கரையில் உட்கார்ந்து கற்றது அதிகம். ‘எறவாணம்’ என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டேன். யோசித்து, தெரியவில்லை என்றாள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்று பிரெஞ்சுக் குடும்பத்தினர் ஒரு நண்பர் வீட்டுக் கான்கிரீட் அறையில் தங்கினார்கள். திரும்பி வந்தபோது வடக்குச் சரிவு முழுதும் உரிந்து முந்திரி மரங்களில் தொங்கியது. மூன்றாம் நாள் பெரியவரும் மகனும் வந்து நின்றார்கள், தங்கள் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்து முடிவதற்கு முன்பே. அதைச் சொல்லும்போது அந்தத் தாயின் குரல் தழுதழுத்தது. 2011 டிசம்பர் 30இல் அடித்த தானே புயலைப் பெரியவர் இதோடு ஒப்பிட்டார். “கீத்து பறந்தா ஆளக் கொல்லாது. தகரம் பறந்தா கழுத்த அறுத்துடும்.”

ஆனால் கீற்றும் உயிரைக் குடித்திருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது, அது சரியான முடிவு. குடிசை இல்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு, 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அரசு 2024இல் அறிவித்தது. பெரியவரும் இப்போது இருப்பது கான்கிரீட் வீட்டில்தான். ஒவ்வொரு மழைக்கும் பயந்த வாழ்க்கை போதும் என்கிறார். அவரை எப்படி மறுக்க முடியும்? கீற்றை விரும்பித் தேர்ந்தெடுக்கிறவருக்கு அது குளிர்ச்சி. வேறு வழியில்லாமல் அதன் கீழ் இருந்தவருக்கு அது வறுமை. கொட்டாயை அழகு என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

ஊருக்குள் கீற்று வீடு குறையக் குறைய, கூரை மேய்கிறவர்களுக்கும் கீற்று முடைகிறவர்களுக்கும் வேலை தருவது வெளிநாட்டுக் குடும்பங்களும் விடுதிகளும் உணவகங்களும்தான். அங்கும் நிறையப் பேர் தகரத்துக்கு மாறிவிட்டார்கள். பெரியவரின் மகன் வருடத்தில் பாதி நாள் பெயின்ட் வேலைக்குப் போகிறார். முடையும் நால்வரில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. மேலே ஏறுபவருக்கு நாள் கூலி, கீழே முடைபவருக்கு எண்ணிக்கைக் கூலி. வானம் தெரியாமல் முடைய நேரம் பிடிக்கும்; எண்ணிக்கைக் கூலியில் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

கூரை மாற்றப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி வரை காத்திருக்காமல் சித்திரையிலேயே சொல்லி அனுப்புங்கள், அப்போதுதான் மட்டை நன்றாக ஊறும். மேலே நிற்பவருக்குத் தரும் நாள் கூலியையே கீழே உட்கார்ந்து முடைபவருக்கும் கொடுங்கள்.