கேட்டு வாங்கும் ஊழியம்

ஆஸ்பத்திரி சந்திப்பு ஊழியத்துக்கு என்னோடு வரும் வாலிபர்களிடம் முதலில் ஒன்று சொல்வேன்: கட்டில் பக்கம் போகும்போது வெறுங்கையோடு போங்கள். பலருக்கு இது பிடிப்பதில்லை. ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஊழியம் என்ற எண்ணம் பம்மலில் எங்கள் சபையிலும் ஊறிக் கிடக்கிறது. ஆனால் ஆரஞ்சுப் பையும் ஹார்லிக்ஸும் கட்டிலில் இறங்கிய நொடியிலேயே, நான் கொடுப்பவன், அவர் பாவப்பட்டவர் என்று முடிவாகிவிடுகிறது. இரக்கமும் முத்திரை குத்தும். வெறுப்பு குத்தும் முத்திரையைவிட அதை அழிப்பது கடினம், ஏனென்றால் அது நமக்கே தெரிவதில்லை.

நாங்கள் போவது தாம்பரம் சானடோரியத்துக்கு. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். பிறகு அரசு மருத்துவமனையானது. எச்.ஐ.வி. என்றாலே பல மருத்துவமனைகள் வாசலோடு திருப்பி அனுப்பிய 1990களில் அந்த நோயாளிகளுக்கு இங்கே கட்டில் கிடைத்தது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் தந்த சில மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. இத்தனை பேரை ஏற்றுக்கொண்டதாலேயே இடத்தின் பெயரும் முத்திரையாகிவிட்டது. இங்கே வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் "குரோம்பேட்டை வரைக்கும் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

சௌரி முத்து முன்பு இங்கிலாந்தில் நடத்திய சானடோரியத்தில் 1917-ல் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். அவருக்குக் காசநோய் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். தேர்ந்த மருத்துவர்கள் சோதித்துச் சொன்னதற்கே இந்தக் கதி என்றால், கட்டிலை நெருங்கும் முன் யாரோ என் காதில் போடும் ஒற்றைச் சொல்லை நான் எவ்வளவு நம்பலாம்?

வெறுங்கையோடு போவதற்கு என் முன்மாதிரி வேதத்தில் இருக்கிறது. யோவான் நான்காம் அதிகாரத்தில் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டார். போதனையெல்லாம் அதற்குப் பிறகுதான். மொண்டுகொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை, அவளிடம் குடம் இருந்தது. சமாரியரோடு யூதர் புழங்காத காலம் அது. நம் பிரசங்கங்களில் அவளுடைய ஐந்து புருஷர்கள் வராமல் இருப்பதில்லை, குடம் அபூர்வமாகத்தான் வருகிறது. எனக்கு இந்த ஊழியத்தின் நுட்பம் முழுக்க அந்தக் குடத்தில்தான் இருக்கிறது. அவர் அவளிடம் கையேந்தினார், அவள் பேசத் தொடங்கினாள்.

ஆகவே மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னல் திறந்திருக்கும் பக்கமாக உட்கார்ந்ததும் நோயைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஊரையும் கேட்பதில்லை. ஊரைக் கேட்டால் அடுத்தது தெரு, அதற்கடுத்தது எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு, அந்த வேலையில் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தரச் சொல்வேன்.

நாகல்கேணியில் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டிய ஒருவர் இருந்தார். "குடிகாரன், மாத்திரைய நடுவுல வுட்டுட்டான்" என்பதுதான் அவரைப் பற்றி உறவுக்காரர் எனக்குச் சொன்னது. நல்ல தோலை எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் மடியிலிருந்த பைபிளை வாங்கினார். அதன் உறையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி மடித்தார். "இது தோலே இல்ல பிரதர், ரெக்சின். தோலுன்னா மடிக்கிற எடத்துல பொடிப்பொடியா சுருக்கம் வுழும். ஓரத்தப் பாருங்க, துணி தெரியுது." அப்புறம் பேச்சு சுண்ணாம்புத் தொட்டி, மயிர் கழிப்பது, குரோம் ஏறியதும் தோல் நீலமாக மாறுவது என்று ஓடியது. படுத்திருந்தவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மாத்திரை விஷயம் நான் கேட்காமலே வந்தது. மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அது ரிஃபாம்பிசின் தரும் நிறம், கெடுதல் ஒன்றுமில்லை. அவர் இருந்தது லைன் வீட்டில், எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே கக்கூஸ். யார் கண்ணிலாவது பட்டு, டி.பி. என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவது? அதனால் நிறுத்தினார். குடியும் இருந்தது, அதை அவரே சொன்னார். ஆனால் மாத்திரையை நிறுத்த வைத்தது பக்கத்து வீட்டுக் கண்கள்.

ஜெபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர்களையே கேட்பேன். தனக்குச் சுகம் கேட்பார் என்றிருந்தேன். தன் இடத்தில் இப்போது வேலைக்கு நிற்கும் பீகார்ப் பையனைப் பற்றிச் சொன்னார். ஷாப்பில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "வடக்கன்" என்பதோடு சரி. "சுண்ணாம்பு வேலை அவனுக்குப் புதுசு பிரதர், கை வெந்துடும். ஜெபத்துல அவனைச் சேத்துக்குங்க. அப்படியே முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கி அவன்கிட்ட குடுத்துடுங்க, காசு நான் தரேன்." பையனுடைய பெயரைச் சொல்லி, நான் எழுதிக்கொள்கிறேனா என்று பார்த்தார்.