இரண்டு பவுன் தங்கமும் ஓடுற தேரும்



ஆயுத பூஜை நெருங்குது. வழக்கம்போல வாகன பூஜை வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் தொண்டூழியர் குழுவுக்குத்தான். டோக்கன், எலுமிச்சம்பழம் விவரமெல்லாம் கடைசியில் இருக்கு. அதற்கு முன்னால் ஒரு விஷயம் பேசணும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

சில பெரியவர்கள் எங்களிடம் ஒரு குறை சொன்னார்கள். "உங்க பசங்க அன்னதானக் கூடத்துல பாத்திரம் கழுவும்போதும் காரைப் பத்தியே பேசுறாங்க. ஆலயத்துக்கு வந்தா சாமியைப் பத்திப் பேச வேணாமா?"

பேசுகிறார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லப் போவதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் இந்தப் பசங்க யார்னு தெரிஞ்சுக்கணும். பெரும்பாலும் மோட்டாரில் வருகிறவர்கள். இரண்டு பேரிடம் மைவி இருக்கு, ஒருத்தர் அப்பாவோட பழைய சாகாவை ஓட்டுறார். கைப்பேசியை எடுத்தால் முகப்பில் பத்துமலை முருகன். பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கார். மூன்று நான்கு பேரிடம் அதே கார்தான். பெயர் மெக்லாரன் எஃப் 1. அதை இவர்களில் ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்காமலே இவ்வளவு பக்தியா என்று நாங்களும் கேட்டோம். அவர்கள் சொன்ன கதையைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கும் விளங்கியது.

1988-ல் மெக்லாரன் அணி 16 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 15-ஐ ஜெயித்தது. கைவிட்டுப் போனது இத்தாலி பந்தயம் ஒன்றுதான். அதை முடித்துவிட்டு மிலான் விமான நிலையத்தில் தாமதமான விமானத்துக்காகக் காத்திருந்தபோதுதான், உலகத்திலேயே சிறந்த சாலைக் காரைச் செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. அதை வடிவமைத்தவர் கார்டன் மரே. நம்மவர்கள் நிறைய பேர் வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். 1992-ல் கார் வெளியே வந்தது. 1998 வரை செய்தது மொத்தம் 106 தான். அதில் சாதாரணச் சாலைக் கார்கள் 64.

அந்தக் காரில் ஓட்டுநர் நடுவில் உட்காருவார். இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி ஆளுக்கு ஒரு இருக்கை. ஒரு தம்பி இதை எப்படி விளக்கினான் தெரியுமா? "வள்ளி தெய்வானை சமேதரா இருக்கும்ணே!" காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆண்ட்டி ஒருத்தர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்தது தங்கம். அந்தக் காரின் எஞ்சின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள், சுமார் 16 கிராம். நம்ம கணக்கில் இரண்டு பவுன். பணக்காரர் ஆடம்பரம் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் அது மூடிக்குக் கீழே இருக்கிறது, போகிற வருகிறவர் பார்க்க முடியாது. சூட்டைத் திருப்பி அனுப்புவதில் தங்கத்துக்கு ஈடு சொல்வது கஷ்டம். பி.எம்.டபிள்யூ செய்து கொடுத்த 6.1 லிட்டர் வி12 எஞ்சின், 627 குதிரைத்திறன். அந்தக் கொதிப்பு பக்கத்தில் இருக்கும் கார்பன் உடம்பைப் பாதிக்கக் கூடாது, அதற்குத்தான் தங்கம்.

இதைக் கேட்டபோது எங்களுக்குக் கும்பாபிஷேகம் ஞாபகம் வந்தது. பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடு வைப்பார்கள். மேலே சாமியை அமர்த்தி அஷ்டபந்தனம் சாத்திவிட்டால் அப்புறம் ஒருவர் கண்ணிலும் படாது. கண்ணில் படாது என்பதற்காக அதில் குறை வைக்கிறோமா? வைப்பதில்லை. அந்தத் தகடைச் செய்கிறவர் கவனமும் இந்தக் காரைச் செய்தவர் கவனமும் ஒரே ஜாதி என்று எங்களுக்குத் தோன்றியது. வண்டியோடு கொடுக்கும் ஸ்பேனர் முதலான சாமான்களைக்கூட டைட்டானியத்தில் செய்து எடையைக் குறைத்திருக்கிறார் மரே. காரின் மொத்த எடை 1,138 கிலோ. நம்ம மைவி ஏறக்குறைய 1,000 கிலோ. அவ்வளவு பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு மைவியை விடக் கொஞ்சம்தான் கூடுதல்! இன்னொன்று, ஓட்டுவதற்கு எப்படி இருக்கணும் என்பதில் மரே அளவுகோலாக வைத்தது ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் காரை. பெரிய பெயர் எதுவென்று பார்க்காமல் நல்லது எதுவென்று பார்த்திருக்கிறார்.

இந்தக் காரை வைத்துப் பசங்களுக்குள் ஒரு தீராத சண்டை உண்டு. பாத்திரம் கழுவும் இடத்தில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

2021-ல் அமெரிக்காவில் ஒரு மெக்லாரன் எஃப் 1 ஏலத்துக்கு வந்தது. 20 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அது ஓடியிருந்த தூரம் 390 கிலோமீட்டர் மட்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போய்விட்டுத் திரும்பும் வழியில் ஈப்போவைத் தாண்டுவதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

இன்னொரு மெக்லாரன் எஃப் 1, மிஸ்டர் பீன் நடிகர் ரோவன் அட்கின்சன் வைத்திருந்தது. 1997-ல் வாங்கினார். கடைக்குப் போக, பிள்ளைகளைக் கொண்டுபோய் விட என்று சாதாரண வண்டியாகவே ஓட்டினார். இரண்டு முறை விபத்து. 2011-ல் மரத்தில் மோதி, அவருக்குத் தோளில் அடி. பழுதுபார்க்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, காப்புறுதி நிறுவனம் கொடுத்தது 9 லட்சம் பவுண்டுக்கு மேல். சரியானதும் மறுபடி ஓட்டினார். 2015-ல் விற்கும்போது அது 66,000 கிலோமீட்டர் போல ஓடியிருந்தது. அப்படியும் 8 மில்லியன் பவுண்டு கிடைத்தது.

இதில் எந்தக் கார் கொடுத்து வைத்தது? இதுதான் சண்டை. "புதுசு மாதிரியே காப்பாத்தி வச்சிருக்காங்களே, அது எவ்வளவு பெரிய விஷயம்" என்று ஒரு கட்சி. அப்படி ஒரு காராவது அப்படியே இருந்தால்தானே பின்னால் வருகிறவர்களுக்கு அசல் எப்படி இருந்தது என்று தெரியும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கு. எதிர்க்கட்சியில் ஒரு தம்பி சொன்னது எங்கள் மனதில் நின்றுவிட்டது: "அண்ணே, அது கொட்டகையிலேயே நிக்கிற தேர். நம்ம பினாங்கு வெள்ளி ரதம் 1894-ல வந்தது. இன்னும் தைப்பூசத்துக்கு ரோட்டுக்கு வருது. சக்கரத்துல தேங்காத் தண்ணி படுது. அதுதாண்ணே தேர்."

திருவாரூர்த் தேரழகு என்று ஊரெல்லாம் சொல்வது அது கொட்டகையில் நிற்கும் அழகையா, அசைந்து வரும் அழகையா? நாங்கள் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போன வருஷ வாகன பூஜையில் நடந்ததைச் சொல்லணும். மஞ்சள் நிறத்தில் ஒரு லம்போர்கினி வந்தது. சத்தம் கேட்டே பாதிக் கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. பக்தர்களில் சிலர், "அவரை முன்னால விட்டுடுங்க, அவ்வளவு விலை வண்டி, வெயில்ல நிக்குது" என்றார்கள். அதற்கு முன்னால் வரிசையில் இருந்தது கேஸ் தோம்பு ஏற்றும் பழைய வேன், பிறகு ஏழெட்டு மோட்டார், ஒரு பள்ளி வேன்.

விடாதவர்கள் யார் தெரியுமா? அந்தக் காரைக் கனவில் காணும் அதே பசங்கதான். "வரிசை வரிசைதாண்ணே. டோக்கன் நம்பர் படிதான்." உரிமையாளரும் நல்ல மனுஷர், ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி வந்து கேஸ் வேன் அங்கிளோடு மோர் குடித்துக்கொண்டு நின்றார். பசங்க காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஆனால் ஒருத்தன் கையும் அதன் மேல் படவில்லை. கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தார்கள். முறை வந்ததும் குருக்கள் வழக்கம்போல முன்பக்கம் போய் பானட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பை வைக்கிற இடம்தான்! "குருக்களே, எஞ்சின் பின்னால இருக்கு" என்று நாலு குரல். குருக்கள் சிரித்துக்கொண்டே கற்பூரத் தட்டோடு பின்னால் நடந்தார்.

அன்றைக்கு நாங்கள் ஒன்று கவனித்தோம். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் அதன் விலைக்கு மரியாதை கொடுத்தார்கள். காரை உண்மையாக நேசித்தவர்கள் காருக்கு மரியாதை கொடுத்தார்கள், கேஸ் வேனுக்கும் கொடுத்தார்கள். அந்த வேன் இருபது வருஷமாக ஓடுவதே பெரிய விஷயம் என்று அங்கிளிடம் எஞ்சினைப் பற்றி விசாரித்ததும் அவர்களேதான்.

சாமி கும்பிடுவதும் அப்படித்தானே. அலங்காரத்தில் அம்பாளைப் பார்த்துவிட்டு, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்னு யாரும் நினைப்பதில்லை. கண் நிறையப் பார்க்கிறோம், மனசு நிறையுது, வருகிறோம். ஒன்றை அடையாமலே அதன் அழகில் சந்தோஷப்படத் தெரிந்த பிள்ளைகளை நாம் ஏன் விரட்டணும்?

அடையணும் என்ற ஆசை வரும்போதுதான் ஆபத்து. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, பெயர் வேண்டாம், பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்பது வருஷக் கடன். மாதத் தவணை சம்பளத்தில் பாதிக்கு மேல். அவன் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் நின்று எங்களிடம் சொல்லி அழுதார். நாங்கள் அறிவுரை சொல்லியிருந்தால் அவன் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். பசங்களே அவனை மாமாக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். தே தாரிக் ஆறுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்கள். தவணை, காப்புறுதி, எஞ்சின் அளவுக்கு ஏற்ற சாலை வரி, டயர், பெட்ரோல். கடைசியில் ஒருவன் சொன்னானாம்: "கார்டன் மரே ஒவ்வொரு கிராமா எடையைக் குறைச்சாருடா. நீ ஒன்பது வருஷ எடையை உன் அம்மா தலையில ஏத்தப் போற."

அந்தக் காரை அவன் வாங்கவில்லை. வருத்தம் இன்னும் இருக்கு, முகத்தைப் பார்த்தால் தெரியும். கைப்பேசியில் படமும் இருக்கு. இருக்கட்டும். படத்துக்குத் தவணை கிடையாது.

இன்னொன்று வேகம். மெக்லாரன் எஃப் 1 மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்டது 1998-ல், ஜெர்மனியில் பொதுமக்கள் நுழைய முடியாத சோதனைத் தடத்தில். ஓட்டியவர் ஆண்டி வாலஸ், பழுத்த பந்தய ஓட்டுநர். நெடுஞ்சாலையில் நள்ளிரவில் நண்பனுக்குக் காட்டுவதற்காக எட்டிய வேகம் அல்ல அது. இந்த ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் பாடைக்கு நாங்கள் தோள் கொடுத்திருக்கிறோம். இருபது வயசுக்காரன் படத்துக்கு மாலை போடுவது எப்படி இருக்கும் என்று எழுத வரவில்லை. வேகம் வேணும்னா செப்பாங் தடம் இருக்கு. காசு சேர்த்து, தலைக்கவசம் போட்டு, முறைப்படி போய் ஓட்டுங்க.

பெற்றோர்களே, பெரியவர்களே, உங்கள் பிள்ளை கார்ப் பைத்தியமாக இருந்தால் பயப்படாதீங்க. எங்களிடம் அனுப்புங்க. அவனைப் போலப் பேச நாலு பேர் இங்கே இருக்காங்க, கழுவ வேண்டிய அண்டாவும் நிறைய இருக்கு.

இனி விவரம். காருக்கு நாலு எலுமிச்சம்பழம், மோட்டாருக்கு இரண்டு, நீங்களே கொண்டுவந்தால் நல்லது. டோக்கன் ஆலய அலுவலகத்தில். வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான், வண்டி எதுவானாலும். ஆலய வளாகத்துக்குள் எஞ்சினை உறுமவிட வேண்டாம், பிரகாரத்தில் வயசானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குறைந்த உயரமுள்ள கார்கள் வந்தால் எங்கள் பசங்களிடம் முன்கூட்டியே சொல்லுங்க, வாசல் மேட்டில் அடிபடாமல் ஏற்றிவிடுவார்கள்.

எஞ்சின் முன்னால் இருக்கா பின்னால் இருக்கா என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்க. குருக்களுக்கு நடை மிச்சம்.

ஓம் சரவணபவ.

ஆலயத் தொண்டூழியர் குழு